ரெண்டு தட்டு: ஜியு-ஜிட்ஸு ஸ்பாரிங் எங்கிருந்து வந்தது?

இந்த எபிசோட் ஒன்றரை மாசம் லேட். மெயில் போட்டு விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. காரணம் என் வலது முழங்கை. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன்னா இன்றைய கதை முழுக்க அதிலிருந்துதான் வருது.

ஒன்றரை வருஷமாக பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு கிளாஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வாரத்தில் மூணு நாள், ஆபீஸ் முடிந்து, சாயங்காலம் ஏழரை மணிக்கு. தெரியாதவங்களுக்காக: இதில் குத்து, உதை கிடையாது. பிடித்துக் கீழே தள்ளுவது, தரையில் உருண்டு புரண்டு நல்ல இடத்தைப் பிடிப்பது, கடைசியில் கழுத்தை நெரிப்பது அல்லது மூட்டில் பூட்டுப் போடுவது. கிளாஸில் முதல் பாதி டெக்னிக். அடுத்த பாதி ஸ்பாரிங், அதை 'ரோலிங்' என்போம். டைமரில் ஐந்து நிமிஷம். ரெண்டு பேரும் உள்ளங்கையைத் தட்டி, முஷ்டியை இடித்து ஆரம்பிப்போம். அதுக்கப்புறம் நிஜமாகவே சண்டைதான். நீங்க தப்பிக்கப் பார்ப்பீங்க, எதிராளி விடமாட்டார். மாட்டிக்கிட்டீங்களா, அவர் உடம்பிலோ பாயிலோ ரெண்டு தட்டு. தட்டின அந்த நொடியே அவர் விட்டுவிடணும். மறுபடி கை தட்டி, மறுபடி முதல்ல இருந்து.

அன்னிக்கு எனக்கு ஜோடியாக வந்தவன் கிளாஸில் சேர்ந்து ரெண்டே மாசம் ஆன ஒரு காலேஜ் பையன். என்னைவிடப் பத்து கிலோவாவது கம்மி. மூணாவது நிமிஷத்தில் என் கையை இழுத்து ஆர்ம்பார் போட்டுவிட்டான். அதாவது என் கை அவன் ரெண்டு தொடைக்கும் நடுவில், முழங்கை அவன் இடுப்பின் மேல். போன வாரம்தான் அந்தப் பூட்டை நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். சுத்தமாக மாட்டியிருந்தேன். தட்டியிருக்கணும். தட்டலை. "போயும் போயும் ரெண்டு மாசப் பையன்கிட்டயா?"ன்னு மனசு சொல்லிச்சு. அவன் ஒரு நொடி தயங்கி என் முகத்தைப் பார்த்தான். நான் தட்டாததால் பூட்டு சரியாக விழலைன்னு நினைச்சு இடுப்பை இன்னும் கொஞ்சம் தூக்கினான். முழங்கையில் 'டப்'புன்னு ஒரு சத்தம். அந்த ஹால் முழுக்கக் கேட்டது.

ஐஸ் வைத்துக் கட்டும்போது கோச் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "தட்டுறதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க தம்பி."

ஆறு வாரம் இடது கையால் கோடு அடிச்சேன். வேலை மெதுவாகப் போகும்போது யோசிக்க நேரம் கிடைக்கும் இல்லையா? ஒரு கேள்வி விடாமல் வந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் கையை உடைக்கிற அளவுக்கு, கழுத்தை நெரிச்சு மயங்க வைக்கிற அளவுக்கு, முழு பலத்தோடு மோதுகிறோம். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு எல்லாரும் முழுசாக ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டை யார் பண்ணினது? தேடிப் போனால், அது பிரேசிலில் ஆரம்பிக்கலை. 1870களின் டோக்கியோவில் ஆரம்பிக்குது.

எலும்பு வைத்தியரைத் தேடிப் போன மாணவன்

1868இல் ஜப்பானில் மெய்ஜி ஆட்சி வந்தது. சாமுராய்களின் காலம் முடிந்தது. 1876இல் அவர்கள் பொது இடத்தில் வாள் வைத்துக்கொள்வதற்கே தடை வந்தது. பழைய போர்க்கலைகளுக்கு மதிப்புப் போனது. 'ஜுஜுத்ஸு' என்ற வெறுங்கைச் சண்டைக் கலையின் ஆசான்கள் பலர் பிழைப்புக்காக எலும்பு முறிவு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். மூட்டைக் கழற்றத் தெரிந்தவருக்கு மாட்டவும் தெரியும் அல்லவா?

அந்தச் சமயத்தில் டோக்கியோவில் ஒரு மாணவர். பெயர் ஜிகோரோ கானோ. பிறந்தது 1860, கோபே நகரத்தை ஒட்டிய மிகாகே என்ற ஊர். படிப்பில் கெட்டி, ஆனால் உடம்பு சின்னது. ஹாஸ்டலில் பெரிய பையன்கள் அடித்தார்கள். ஜுஜுத்ஸு தெரிந்தால் சின்ன ஆள்கூடப் பெரிய ஆளைச் சமாளிக்கலாம் என்று கேள்விப்பட்டு, ஆசானைத் தேடினார். எப்படித் தேடினார் தெரியுமா? எலும்பு வைத்தியர்களிடம் போய் விசாரித்தார். அப்படித்தான் 1877இல், பதினேழு வயசில், ஹச்சினோசுகே ஃபுகுடா என்ற ஆசானிடம் போய்ச் சேர்ந்தார்.

கானோ பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் உண்டு. ஃபுகுடா ஒரு நாள் அவரை ஒரு குறிப்பிட்ட விதத்தில் தூக்கிப் போட்டார். கானோ எழுந்து, "கையை எங்க வெச்சீங்க? காலை எப்படித் திருப்பினீங்க?" என்கிற மாதிரி கேட்டார். ஆசான் விளக்கவில்லை. வா என்று கூப்பிட்டு மறுபடி தூக்கிப் போட்டார். மறுபடி கேட்டார், மறுபடி தூக்கிப் போட்டார். விளக்கம் கேட்டுப் பயனில்லை, பலமுறை செய்தால் தானே வரும் என்பதுதான் ஃபுகுடாவின் பதில்.

எனக்கு இந்த இடத்தில் ரெண்டு பேர் மேலயும் பாசம் வந்துடுச்சு. டாக்குமெண்டேஷன் கேட்கிற ஜூனியர், "ரன் பண்ணிப் பாரு"ன்னு சொல்ற சீனியர். ரெண்டு பேர் சொல்றதிலும் பாதி நியாயம் இருக்கு. கானோ பிறகு அந்த இரண்டு பாதியையும் ஒட்டவைத்தார் என்று சொல்லலாம்.

ஃபுகுடா 1879இல் இறந்துவிட்டார். அடுத்து மசாதோமோ இசோ. அவரும் 1881இல் காலமானார். மூன்றாவது ஆசான் 'கிட்டோ-ர்யூ' என்ற மரபைச் சேர்ந்த த்ஸுனெதொஷி இக்குபோ. இந்த மூன்று பேரிடமும் கற்றதில் கானோ ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். அதுதான் இன்றைய எபிசோடின் மையம்.

காட்டாவும் ராண்டோரியும்

பழைய ஜுஜுத்ஸுவில் பயிற்சிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று 'காட்டா'. முன்கூட்டியே எழுதிவைத்த நாடகம் மாதிரி. நான் இப்படித் தாக்குவேன், நீ இப்படித் தடுத்து இப்படி முடி. இரண்டு பேருக்கும் முடிவு தெரியும். சிலம்பத்தில் பாடம் எடுத்துச் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இன்னொன்று 'ராண்டோரி'. இதில் எழுதிவைத்த எதுவும் இல்லை. எதிராளி என்ன செய்வார் என்று தெரியாது, உங்களை ஜெயிக்கவிடும் எண்ணமும் அவருக்கு இல்லை. சில பள்ளிகளில் காட்டாவுக்கு முதலிடம், சிலவற்றில் ராண்டோரிக்கு.

ஜுஜுத்ஸுவின் மிக ஆபத்தான நுட்பங்கள் எல்லாம் காட்டாவுக்குள்தான் வாழ முடியும். கண்ணில் குத்துவது, விரலை ஒடிப்பது, முதுகுத் தண்டைத் திருகுவது. இதையெல்லாம் நண்பன் மேல முழு பலத்தோட எப்படிப் பழகுவீங்க? ஒரு தடவைதான் பழகலாம். அதனால் மெதுவாக, பாவனையாக மட்டுமே பழகமுடியும். இருபது வருஷம் பழகினாலும், நிஜமாக எதிர்க்கிற ஒரு ஆள் மேல் அது வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஒரு தடவைகூட ரன் ஆகாத கோடு. படிக்க அழகா இருக்கும்.

1882இல் கானோ டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பள்ளி ஆரம்பித்தார். பன்னிரண்டு பாய் விரிக்கும் இடம். ஒன்பது மாணவர்கள். ஆசானுக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை. பள்ளியின் பெயர் கோடோகன். கலைக்கு அவர் வைத்த பெயர் ஜூடோ. பசங்க விழுகிற விழுச்சியில் கோயிலில் வைத்திருந்த முன்னோர் நினைவுப் பலகைகள் ஆட்டம் கண்டன, தரைப் பலகைகள் உடைந்தன. கானோ விளக்கோடு தரைக்கு அடியில் ஊர்ந்துபோய்த் தானே பழுது பார்த்ததாகக் கதை உண்டு.

அந்தச் சின்ன அறையில் கானோ எடுத்த முடிவு இதுதான்: நண்பன் மேல முழு பலத்தோடு பழக முடியாத நுட்பம் எதுவோ, அதை ராண்டோரியிலிருந்து எடுத்துவிடு. அதைத் தூக்கி எறிய வேண்டாம், காட்டாவில் பத்திரமாக வை. மிச்சம் இருப்பதை, அதாவது தூக்கிப் போடுவது, அமுக்கிப் பிடிப்பது, நெரிப்பது, மூட்டுப் பூட்டு, இவற்றைத் தினமும், நிஜமாகவே எதிர்க்கிற ஆள் மேல், முழு பலத்தோடு பழகு. விழுந்தால் அடிபடாமல் விழுவது எப்படி என்பதை முதல் பாடமாக வை.

நெரிப்பையும் பூட்டையும் மட்டும் எப்படிப் பத்திரமாகப் பழகுவது? அதற்குத்தான் அந்த ரெண்டு தட்டு. ஜப்பானியத்தில் 'மைட்டா' என்று வாயால் சொல்லலாம், தோற்றேன் என்று அர்த்தம். அல்லது கையாலோ காலாலோ இரண்டு முறையோ அதற்கு மேலோ தட்டலாம். இன்றைக்கும் ஜூடோவின் போட்டி விதிகளில் அது இருக்கிறது. கை ஒடிவதற்கு ஒரு அங்குலம் முன்பு, மயக்கம் வருவதற்கு இரண்டு நொடி முன்பு, சண்டையை நிறுத்திவிடலாம். ஆனால் முடிவு என்னவாகியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். தோல்வியை முழுசாக அனுபவிக்கலாம், காயம் மட்டும் கிடையாது. அதனால் ஒரே சாயங்காலத்தில் பத்து தடவை தோற்கலாம்.

பத்து தடவை தோற்கிறவன் எவ்வளவு வேகமாகக் கத்துப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

கானோவுக்கே அது நடந்தது. 1885 வாக்கில் ஒரு நாள் இக்குபோவோடு ராண்டோரி செய்யும்போது, அதுவரை தன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்த ஆசானைக் கானோ திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டார். ஆசான் ஆச்சரியப்பட்டுக் காரணம் கேட்டார். எதிராளியின் சமநிலையை முதலில் கலைத்துவிட்டு அப்புறம் வீச வேண்டும் என்று தான் கண்டுபிடித்ததைக் கானோ சொன்னார். இனி உனக்குக் கற்பிக்க என்னிடம் எதுவும் இல்லை என்றாராம் ஆசான். இன்று எந்த ஜூடோ கிளாஸிலும் முதல் மாசமே சொல்லித்தரும் 'குஸுஷி', அதாவது சமநிலை கலைத்தல், இப்படி எதிர்க்கிற உடம்புகளோடு மோதி மோதிக் கிடைத்த அறிவு.

ஆக, ஆபத்தை எடுத்தது கலையைப் பலவீனமாக்கவில்லை. தினமும் சோதித்துப் பார்க்க முடிந்த சின்னப் பெட்டி, சோதிக்கவே முடியாத பெரிய பெட்டியை ஜெயித்தது.

எடுத்துவிட்டதற்கு ஒரு விலை

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. ராண்டோரியில் எதை அனுமதிக்கிறோமோ, கலை அதுவாகவே மாறிவிடும். எதை விட்டுவிடுகிறோமோ, அங்கே ஒரு ஓட்டை விழும்.

கோடோகனின் மனசு தூக்கிப் போடுவதில்தான் இருந்தது. தரைச் சண்டை இரண்டாம்பட்சம். விதிகளும் அதற்கேற்ப இறுகிக்கொண்டே போயின. கால் பூட்டுகள் போயின, 1920களின் நடுவுக்குள் முழங்கையைத் தவிர மற்ற மூட்டுகள் எல்லாமே போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் 1914இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான 'கோசென்' போட்டிகளில் தரைக்குப் போகத் தடை இல்லை. தூக்கிப் போடக் கற்க வருஷக்கணக்காகும். தரையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டாம். மூன்று வருஷப் படிப்புக்குள் ஜெயிக்க வேண்டிய மாணவர்கள் எதைப் பழகுவார்கள்? தரையைத்தான். கால்களால் கழுத்தை முக்கோணமாக நெரிக்கும் 'ட்ரையாங்கிள்' அந்தக் கோசென் மாணவர்களால்தான் பிரபலமானது. இன்றைக்கு எங்க கிளாஸில் என்னை வாரா வாரம் தட்ட வைக்கிறதும் அதுதான்.

ஒரே ஆசான், ஒரே நாடு, ஒரே கலை. ஸ்பாரிங் விதி மட்டும் வேறு. பத்து வருஷத்தில் இரண்டு வேறு மிருகங்கள்.

பெலெம் நகரத்துக்கு வந்த ஜப்பானியர்

இனி பிரேசிலுக்குப் போவோம். கோடோகனில் 1897இல் சேர்ந்தவர் மித்ஸுயோ மயேதா. 1878இல் வட ஜப்பானின் அவொமோரியில் பிறந்தவர். 1904இல் த்ஸுனெஜிரோ தொமிதா என்ற மூத்த மாணவரோடு ஜூடோவைப் பரப்ப அமெரிக்கா போனார். செயல்விளக்கம் மட்டும் காட்டி வயிறு நிறையவில்லை. மல்யுத்த மேடைகளில் காசுக்கு மோத ஆரம்பித்தார். அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று சுற்றினார். ஸ்பெயினில் 'கோண்டே கோமா' என்ற மேடைப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1914இல் பிரேசில் வந்து, அமேசான் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் பெலெம் நகரத்தில் தங்கிவிட்டார். 1941இல் அங்கேயே இறந்தார்.

மயேதாவிடம் கற்றவர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர், 1902இல் பெலெமில் பிறந்த கார்லோஸ் கிரேசி. 'ஜூடோ'ன்னு பேர் இருக்கும்போது இது ஏன் 'ஜியு-ஜிட்ஸு' ஆச்சுன்னு கேட்கலாம். அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் ஜூடோவையே 'கானோ ஜியு-ஜிட்ஸு' என்றுதான் சொல்வார்கள். பழைய பெயர் பிரேசிலில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கார்லோஸும் தம்பிகளும் ரியோ டி ஜெனிரோவுக்கு வந்து அகாடமி நடத்தினார்கள். கடைக்குட்டி ஹீலியோ, பிறந்தது 1913. ஹீலியோ உடம்புக்கு முடியாத பையனாக இருந்தார், பார்த்துப் பார்த்தே கற்றார், பலம் இல்லாததால் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும்படி நுட்பங்களை மாற்றினார் என்பது குடும்பம் சொல்லும் கதை. கவனிச்சீங்களா? டோக்கியோவின் கானோ கதையும் இதேதான். சின்ன உடம்பு, பெரிய எதிரி. ஆனால் இரண்டு கதையிலும் சின்ன ஆளைக் காப்பாற்றியது ரகசிய நுட்பம் ஏதுமில்லை. எந்த நுட்பம் தனக்கு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதைத் தினமும் எதிர்க்கிற ஆள் மேல் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வசதிதான்.

அதே வசதி அந்தக் குடும்பத்துக்கே எதிராகவும் திரும்பியது. ரியோவின் ஏழைப் புறநகரான பெண்டோ ரிபேய்ரோவில், கிரேசி குடும்பத்துக்கு வெளியே ஜியு-ஜிட்ஸு கற்ற ஒஸ்வால்டோ ஃபடா என்பவர் அகாடமி நடத்தினார். காசு இல்லாதவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் மாணவர்களுக்குக் கால் பூட்டு கைவந்த கலை. கிரேசி பக்கத்தில் அதை மட்டமாக நினைத்தார்கள். காலைப் பிடிக்கிறவனை 'சபதேய்ரோ', செருப்புத் தைப்பவன், என்று கிண்டல் செய்தார்கள். 1950களின் நடுவில் ஃபடா சவால் விட்டார். இரண்டு அகாடமிகளும் மோதின. ஃபடா பக்கம் ஜெயித்தது, பெரும்பாலும் கால் பூட்டுகளால். கேவலம் என்று எதை ஸ்பாரிங்கில் விட்டார்களோ, சரியாக அந்த ஓட்டை வழியாகத்தான் தோல்வி உள்ளே வந்தது.

மரகானா, 1951

அக்டோபர் 23, 1951. ரியோவின் மரகானா மைதானம். ஒரு பக்கம் ஹீலியோ கிரேசி, வயது 38. இன்னொரு பக்கம் ஜப்பானின் மசஹிகோ கிமுரா, வயது 34. ஜூடோ வரலாற்றின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர், தரைப் பயிற்சியிலும் கெட்டிக்காரர், ஹீலியோவைவிட நல்ல கனம். தூக்கிப் போட்டால் வெற்றி கிடையாது. எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மயங்க வேண்டும்.

முதல் சுற்றில் கிமுரா தூக்கித் தூக்கிப் போட்டார். ஹீலியோ தாக்குப்பிடித்தார். இடையில் ஒரு நெரிப்பில் தான் மயங்கியே போனதாகவும், கிமுரா அது தெரியாமல் பிடியை மாற்றியதால் விழித்துக்கொண்டதாகவும் ஹீலியோவே பல வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது சுற்றில் கிமுரா ஹீலியோவின் கையை முதுகுப் பக்கம் திருகிப் பூட்டுப் போட்டார். ஹீலியோ தட்டவில்லை. கிமுரா இன்னும் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாகவும், அப்போதும் ஹீலியோ தட்டவில்லை என்றும், வேறு வழியில்லாமல் மேலும் திருகியதாகவும் கிமுரா தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு இன்றுவரை ஜியு-ஜிட்ஸு உலகம் முழுக்க 'கிமுரா' என்றே பெயர். தோற்றவர்கள், தங்களைத் தோற்கடித்தவரின் பெயரை வைத்தார்கள். அது பெரிய மனசு.

இந்தக் கதையை எந்த ஜியு-ஜிட்ஸு கிளாஸிலும் வீரக் கதையாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். சொல்லப்போனால் அன்னிக்கு அந்தப் பையனிடம் மாட்டினபோது என் மண்டைக்குள்ள ஓடினது இந்தக் கதைதான். தட்டாதவன் வீரன்.

ஆனால் இந்த ஆறு வாரத்தில் அதைக் கிமுராவின் பக்கத்திலிருந்து படிச்சுப் பார்த்தேன். உங்க கையில் ஒரு மனுஷனோட தோள் இருக்கு. முடிஞ்சு போச்சுன்னு உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தட்ட மாட்டேங்கிறார். இப்போ உடைக்கிறதா வேண்டாமாங்கிற பாரம் முழுக்க உங்க தலையில். தட்டுறது தோற்கிறவனுக்கான சலுகைன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அது ஜெயிக்கிறவனுக்கும்தான்.

டென்வர், ஒரே ராத்திரியில் இரண்டு தட்டு

நவம்பர் 12, 1993. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் முதல் யு.எஃப்.சி. போட்டி. ஆர்ட் டேவியும், ஹீலியோவின் மூத்த மகன் ரோரியன் கிரேசியும் முன்னின்று நடத்தியது. எட்டுப் பேர், ஒரே ராத்திரி, எடைப் பிரிவு கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது, கிட்டத்தட்ட அவ்வளவுதான் விதி. ஹீலியோவின் இன்னொரு மகன் ராய்ஸ், சுமார் 80 கிலோ, வெள்ளை உடுப்போடு வந்து மூன்று பேரைத் தட்ட வைத்தார். மூன்று சண்டையும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. உலகம் ஜியு-ஜிட்ஸு பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான்.

எனக்கு அதில் பிடித்தது வெற்றி இல்லை, அரையிறுதியில் நடந்த ஒரு சின்ன விஷயம். கென் ஷாம்ராக் நெரிப்பில் மாட்டித் தட்டினார். ராய்ஸ் உடனே விட்டுவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை, தொடரச் சொன்னார். ராய்ஸ், அவர் தட்டிவிட்டார் என்றார். ஷாம்ராக் நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். ஆனால் தட்டியதை ஒப்புக்கொண்டார். விதியே இல்லை என்று விளம்பரம் செய்த கூண்டுக்குள், நடுவரே பார்க்காத ஒரு விதியை இரண்டு பேர் தாங்களாகவே மதித்தார்கள்.

அதே ராத்திரி இறுதிச் சண்டையில் ஜெரார்டு கோர்டோ ராய்ஸின் காதைக் கடித்தார். ராய்ஸ் பின்னாலிருந்து நெரித்தார், கோர்டோ தட்டினார். ராய்ஸ் உடனே விடவில்லை. கோபத்தில் சில நொடி பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த ரெண்டு தட்டு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குது பாருங்க. அதைக் காப்பாத்துறது எதிராளியோட மனசு மட்டும்தான்.

பாய்க்குத் திரும்பி

தட்டாத வீரக் கதைகள் நிற்கவில்லை. 2004 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜகாரே சோசா என்பவர், ரோஜர் கிரேசியிடம் கை ஒடிந்தும் தட்டாமல், அந்தக் கையைப் பெல்ட்டுக்குள் சொருகிக்கொண்டு மிச்ச நேரத்தைக் கடத்தி, புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். உலகப் பட்டத்துக்கு அது அவர் எடுத்த முடிவு, நான் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனால் கானோவின் பன்னிரண்டு பாய் அறையில் யாரும் பட்டத்துக்கு மோதவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்கால கிளாஸில் நாங்களும் இல்லை. இந்தக் கலை போட்டி மேடையில் பேர் வாங்கியிருக்கலாம். அது வளர்ந்தது, யாரும் பார்க்காத அறைகளில், பேர் தெரியாத ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் லட்சக்கணக்கான தடவை தட்டினதால்.

சரி, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பையனுக்கு வருகிறேன். சத்தம் கேட்டதும் அவன் கையை விட்டுட்டு எழுந்து, "அண்ணா சாரிண்ணா, சாரிண்ணா"ன்னு அழ ஆரம்பிச்சுட்டான். நான் வலியில் அவனைப் பார்க்கவே இல்லை. என் முழங்கை ஆறு வாரத்தில் சரியாயிடுச்சு. அவன் அன்னிக்குப் போனவன்தான், திரும்பக் கிளாஸுக்கு வரலை. கோச் போன் பண்ணினார், எடுக்கலையாம்.

அவன் எல்லாத்தையும் சரியாகத்தான் செஞ்சான். பூட்டுப் போட்டான், தயங்கினான், முகத்தைப் பார்த்தான். என் பக்கத்து வேலை ஒண்ணே ஒண்ணு, ரெண்டு தட்டு. அதை நான் செய்யாததால், இன்னொருத்தன் கையை உடைச்சோம்ங்கிற நினைப்போட ஒரு பத்தொன்பது வயசுப் பையன் வீட்டுக்குப் போனான். போன வாரம் அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன். ப்ளூ டிக் வந்திருக்கு. பதில் இன்னும் வரலை.

திங்கட்கிழமை மறுபடி கிளாஸில் சேர்ந்தேன். கைக்குக் கட்டுப் போட்டு, மூணே ரவுண்டு. ஏழு தடவை தட்டினேன். அதில் ரெண்டு, பூட்டு முழுசாக விழறதுக்கு முன்னாடியே. கோச் பார்த்துட்டுச் சிரிச்சார், ஒண்ணும் சொல்லலை.

அடுத்த எபிசோட் கண்டிப்பா ரெண்டு வாரத்தில் வரும். தம்பி, ஒருவேளை நீ இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, செவ்வாய், வியாழன், சனி, அதே ஏழரை மணிதான். முதல் ரவுண்டு என்கூட.